ஒரே லாச்சியில் மூன்று பேர் காசு

கண்டியில் தலதா மாளிகைப் பக்கமிருந்து நாத தேவாலயத்தை ஒட்டித் தேவ வீதியில் நடந்தால் சட்டத்தரணிகளின் பெயர்ப்பலகைகள் வரிசை கட்டி நிற்கும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகைகள், இடையிடையே தமிழ். பல கந்தோர்கள் ஒற்றை அறைதான். ஒரு மேசை, நாடாவால் கட்டிய கோவைகள், வாசலில் ஒரு வாங்கு. உள்ளே ஒரு சட்டத்தரணி, ஒரு ஜூனியர், எந்தக் கோவை எங்கே கிடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளான கிளாக்கர். மேசைக்குக் கீழே ஒரு லாச்சி. அந்த லாச்சியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாவலப்பிட்டியில் கடை வைத்திருக்கிறார். கட்டுகஸ்தோட்டையில் 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு காணி வாங்கப் போகிறார்.

“சேர், எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும்?”

“ரெண்டரை கொண்டு வாங்க, பார்த்துக்கொள்ளலாம்.”

அவர் இரண்டரை லட்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். கிளாக்கர் எண்ணிப் பார்த்து, சி.ஆர். கொப்பியில் “கட்டுகஸ்தோட்டை காணி – 250,000” என்று ஒரு வரி எழுதுகிறார். காசு லாச்சிக்குள் போகிறது. ஒருவரும் தவறு செய்யவில்லை, ஒருவர் மனதிலும் கள்ளம் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு வரிக்குள் மூன்று பேருடைய காசு கிடக்கிறது.

முதல் ஆள் அரசாங்கம். இலங்கையில் காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வை மாகாண சபையின் வருமானம். முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 லட்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் 3,000 ரூபாயும் 196,000 ரூபாயும், ஆக 199,000. கொண்டுவந்த காசில் ஐந்தில் நான்கு பங்கு சட்டத்தரணியுடையதே இல்லை, மத்திய மாகாணத்துடையது. மீதி 51,000 ரூபாயில் ஒரு பகுதி காணிப் பதிவகத்தில் தேடுவதற்கும் பதிவதற்கும் போகும் செலவு. செலவாகும்வரை அது வாடிக்கையாளரின் காசு. கடைசியில் எஞ்சுவதுதான் சட்டத்தரணியின் பீஸ். வாடிக்கையாளரோ வீட்டுக்குப் போய், “பிறக்டருக்கு ரெண்டரை லட்சம் குடுத்தேன்” என்று சொல்வார். ஊரும் அப்படியே நம்பும்.

சிறிய சட்டக் கந்தோர்களுக்குப் பணக்கணக்கு மென்பொருள் வேண்டுமா, எது நல்லது, என்ன விலை என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. அந்தப் பேச்சுக்கு முன்னால் பேசவேண்டியது தீர்வை, செலவு, பீஸ் என்ற இந்த மூன்று பிரிவுகளை. கொப்பியில் பிரித்து எழுதாததைக் கணினியும் பிரிக்காது.

வேடிக்கை என்னவென்றால், இதே கந்தோரில் இதே காணியின் எழுத்துவேலை கடிகாரம் போல நடக்கிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்க எழுதாத காணிக் கிரயம் சட்டத்தின் கண்ணில் செல்லாது. 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அதைவிடக் கறார். உறுதி எழுதுமுன் காணிப் பதிவேட்டைத் தேடவேண்டும். தேடவேண்டாம் என்று தரப்பினர் சொன்னால் அதையும் எழுத்தில் வாங்கவேண்டும். புரோட்டோகோல் எனப்படும் தன் பிரதியை நொத்தாரிசு தன்னிடம் பத்திரப்படுத்தவேண்டும். ஒரு மாதம் எழுதிய உறுதிகளின் இரட்டைப் பிரதிகள், பட்டியலோடு சேர்த்து, அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளர் கையில் இருக்கவேண்டும். கண்டியிலும் கம்பளையிலும் நொத்தாரிசு வேலை பார்க்கும் எவருக்கும் அந்தப் பதினைந்தாம் திகதி கனவிலும் வரும்.

உறுதியின் கடைசியில் வரும் அத்தாட்சி வாசகத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்க்கவேண்டும். யார் கையொப்பமிட்டார், சாட்சிகள் யார், எந்த வரியில் எந்தச் சொல் வெட்டப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். கிரயப் பணம் தன் முன்னிலையில் கைமாறியதா இல்லையா, மாறியிருந்தால் எவ்வளவு என்பதையும் நொத்தாரிசு அங்கே எழுதியாகவேண்டும். வாங்குபவர் விற்பவருக்குக் கொடுத்த காசுக்கு நூறாண்டு கழித்தும் சாட்சி இருக்கும். அதே மேசையில், அதே காலையில், அதே வாங்குபவர் நொத்தாரிசுக்குக் கொடுத்த காசுக்குச் சி.ஆர். கொப்பியில் ஒரு வரி.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு பழங்கதை உண்டு. முன்பு இலங்கையில் வழக்குத்தொழில் இரண்டாகப் பிரிந்திருந்தது. பிறக்டர் வாடிக்கையாளரோடு பேசுவார், காசு வாங்குவார், பத்திரம் தயாரிப்பார். அட்வகேட் மன்றில் வாதாடுவார். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கி, 1974 முதல் எல்லோரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. பெயர் ஒன்றானாலும் வேலை இன்னும் இரண்டாகவே நடக்கிறது. புரொக்சி போட்ட சட்டத்தரணி ஒருவர், வாதாட வரும் கவுன்சல் வேறொருவர். வாடிக்கையாளர் கொடுக்கும் காசு முதலாமவர் வழியாகத்தான் இரண்டாமவருக்குப் போகிறது. ஆக லாச்சியில் நான்காவது ஆளும் இருக்கிறார்.

பாகப்பிரிவினை வழக்கென்றால் ஐந்தாவது ஆளாக நில அளவையாளரும் வந்துவிடுவார். கண்டிச் சட்டத்தின் வாரிசுரிமையும், தலைமுறை தலைமுறையாகப் பிரிக்காமல் விட்ட பங்குகளும் இந்த மலைப்பகுதிக் காணி வழக்குகளை நூல்கண்டாக்கிவிட்டன. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால், மன்றின் ஆணையோடு காணியை அளக்கவேண்டும். அளவைச் செலவை முதலில் வழக்காளி கட்டவேண்டும். இந்த வழக்குகள் பத்து, இருபது வருடம் இழுப்பது யாருக்கும் புதிதில்லை. அப்பா போட்ட வழக்கை மகன் நடத்துவார், சீனியர் எடுத்த கோவையை ஜூனியர் முடிப்பார். இடையில் யார் எப்போது எதற்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டால், கிளாக்கரின் ஞாபகத்தைத்தான் கேட்கவேண்டும். கிளாக்கர் ஓய்வுபெற்றுவிட்டால் அதுவும் இல்லை.

கலந்து வைத்த காசின் ஆபத்து பெரும்பாலும் திருட்டில் தொடங்குவதில்லை. இன்று வந்த தீர்வைக் காசில் நேற்றைய வழக்கின் அளவைச் செலவைக் கட்டுவது, நாளை வரும் பீஸில் அதை ஈடுசெய்வது என்ற நல்லெண்ணத்தில்தான் தொடங்குகிறது. சீட்டுப் பிடிக்கிறவருக்கு இந்தச் சுழற்சி நன்றாகத் தெரியும். எல்லோரும் ஒரே நாளில் கேட்காதவரை அது ஓடும். ஒரு காய்ச்சல், ஒரு மாரடைப்பு, ஒரு வெளிநாட்டுப் பயணம் போதும், சுழற்சி நின்றுவிடும். அதற்குப் பிறகு நடப்பதற்குச் சட்டத்தில் வேறு பெயர். 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42 ஆம் பிரிவு, வஞ்சகம், முறைகேடு, குற்றம் ஆகியவற்றுக்காகச் சட்டத்தரணியின் பெயரை இடைநிறுத்தவும் நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

இங்கிலாந்து இந்தப் பிரச்சினையை 1930களிலேயே விதி எழுதி எதிர்கொண்டது. அங்கே சொலிசிட்டர்கள் வாடிக்கையாளர் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கவேண்டும். குறைந்தது ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கவேண்டும். அப்படியும் 2023 இல் எக்ஸியம் இன்ஸ் என்ற லண்டன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் 6 கோடி பவுணுக்கு மேல் காணாமற்போயிருந்தது தெரியவந்து, ஒழுங்குபடுத்தும் அமைப்பு அந்த நிறுவனத்தை மூடியது. விதி இருந்தும் ஓட்டை விழுந்ததே என்று இதைச் சொல்லிச் சிலர் கையை விரிப்பார்கள். ஆனால் அங்கே எவ்வளவு போயிற்று என்று ஒரு தொகையைச் சொல்ல முடிந்தது. சி.ஆர். கொப்பியில் அதுகூட முடியாது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை, பாக்கு நீரிணையைத் தாண்டினால் போதும். இந்திய பார் கவுன்சில் விதிகள் இதை வரி வரியாகச் சொல்லியிருக்கின்றன. வழக்கறிஞர் வாடிக்கையாளரின் பணத்துக்குக் கணக்கு வைக்கவேண்டும். வாங்கிய தொகை பீஸுக்கா செலவுக்கா என்று பதிவில் குறிக்கவேண்டும். வழக்கு நடக்கும் காலத்தில், வாடிக்கையாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் செலவுக்கென்று வாங்கியதைப் பீஸுக்குத் திருப்பக்கூடாது. மதுரையிலோ சேலத்திலோ ஒவ்வொரு கந்தோரும் இதைப் பின்பற்றுகிறதா என்பது வேறு கேள்வி. பீஸ் ஒன்று, செலவு ஒன்று என்ற பிரிவு அங்கே எழுத்தில் இருக்கிறது, வாடிக்கையாளர் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

இனி மென்பொருளுக்கு வரலாம். கனடாவில் 2008 இல் தொடங்கிய கிளியோ போன்றவை சட்டக் கந்தோர்களுக்கென்றே உருவானவை. அவற்றின் உள்ளே இருக்கும் சரக்கு எளிமையானது: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தனிப் பேரேடு, எல்லோர் பணத்துக்கும் ஒரு பொதுக் கணக்கு, வங்கிக் கூற்று. மூன்றும் ஒரே தொகையைக் காட்டவேண்டும். ஒருவரின் பேரேட்டில் இருப்பதைவிட ஒரு ரூபாய் கூட எடுக்க முயன்றால் தடுக்கும். கார்டில் பணம் வாங்கும்போது இன்னொரு நுணுக்கம். வங்கி எடுக்கும் தரகு வாடிக்கையாளர் பணத்தில் கழியக்கூடாது, கந்தோரின் சொந்தக் கணக்கில் கழியவேண்டும். கண்டிக்கும் இது பொருந்தும். 199,000 ரூபாய் தீர்வையைக் கார்டில் வாங்கி, வங்கி அதில் சில ஆயிரத்தைக் கழித்துவிட்டால், மாகாணத்துக்குக் கட்ட முழுத்தொகை இருக்காது.

ஆனால் இந்த மென்பொருள்களின் முகப்பில் பெரிதாக ஓடிக்கொண்டிருப்பது ஒரு கடிகாரம். மேலைநாட்டுக் கந்தோரில் ஒரு மணித்தியாலத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு ஆறு நிமிடமாகச் சிட்டை போடுவார்கள். கண்டியில் யாரும் நிமிடத்துக்குக் காசு கேட்பதில்லை. தவணைக்கு இவ்வளவு, உறுதிக்கு இவ்வளவு, வழக்குக்கு மொத்தமாக இவ்வளவு. காலை ஒன்பது மணிக்குப் போய், பகல்வரை வாங்கில் இருந்து, வழக்குக் கூப்பிட்டதும் இரண்டே நிமிடத்தில் அடுத்த தவணை குறித்து வெளியே வந்தாலும் அன்றைய பீஸ் பீஸ்தான். அந்தக் கடிகாரத்துக்கு இங்கே வேலை இல்லை. இங்கே வேண்டியது தவணைக் குறிப்பேடு. எந்தத் திகதி, என்ன நடந்தது, அன்றைக்குக் கேட்டது எவ்வளவு, தந்தது எவ்வளவு, கவுன்சலுக்குப் போனது எவ்வளவு.

விலையும் இடிக்கிறது. மாதச் சந்தா டொலரில். 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், அந்த மே மாதத்தில் 360 ரூபாய். மாதம் 50 டொலர் என்று வைத்தால், 10,000 ரூபாய்ச் செலவு சில வாரங்களில் 18,000 ஆகிவிடும். தவணைப் பீஸை அந்த வேகத்தில் ஏற்ற எந்தச் சட்டத்தரணிக்கும் வாய் வராது. அந்த அனுபவத்துக்குப் பிறகு எக்ஸெல் தாளையே நம்பியிருப்பவர்களைப் பழைய ஆட்கள் என்று கேலி செய்வது நியாயமில்லை.

எக்ஸெல் எங்கே சறுக்கும் என்றும் பார்க்கலாம். 2023 ஜனவரி முதல், மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் பெறும் தனிநபருக்குப் பணம் தருபவர் 5 வீதத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தரவேண்டும். ஒரு நிதி நிறுவனத்தின் ஈட்டுப் பத்திரங்களை எழுதிக்கொடுக்கும் சட்டத்தரணிக்கு அந்த மாதம் 150,000 வரவேண்டும் என்று வைப்போம். வங்கியில் வந்து விழுவது 142,500. கிளாக்கர் வங்கிக் கூற்றைப் பார்த்து 142,500 என்றே தாளில் ஏற்றுவார். பிடித்துக்கொண்ட 7,500 வருட முடிவில் வருமான வரியில் கழிக்கவேண்டிய வரவு. தாளில் அது எங்கும் இருக்காது. அப்படிப் பன்னிரண்டு மாதம் போனால் 90,000 ரூபாய். ஒரு சிறிய கந்தோருக்கு அது சில்லறை இல்லை.

பணம் வரும் வழியும் மாறிவிட்டது. 2015 இல் லங்காகிளியர் கொண்டுவந்த உடனடிப் பரிமாற்ற முறைக்குப் பிறகு, ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு நொடியில் போகிறது. லங்காகியூஆர் ஒட்டிய அட்டைகள் தேநீர்க் கடைவரை வந்துவிட்டன. டோஹாவில் வேலை செய்யும் மகன், அம்மா பெயரில் வாங்கும் காணிக்கு அங்கிருந்தே பணம் போட்டு, ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்புகிறான். சட்டத்தரணியின் போனில் வாழ்த்துப் படங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவில் அந்த ஸ்லிப் கிடக்கும். போன் மாறினால் ஸ்லிப்பும் போகும். ரொக்கக் காலத்தில் சி.ஆர். கொப்பியாவது மேசையில் இருந்தது.

இதில் இன்னொரு முரண் உண்டு. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னணு ஆவணங்களை ஏற்கிறது. ஆனால் மரண சாசனம், அற்றோணித் தத்துவம், காணிக் கிரயம் ஆகியவற்றை விலக்கிவைக்கிறது. காசு நொடியில் பறக்கும். உறுதி காகிதத்தில், பேனாவில், இரண்டு சாட்சிகளோடுதான். இரண்டையும் இணைக்கும் ஒரே கண்ணி கந்தோரின் கணக்கு. அதுதான் இருப்பதிலேயே பலவீனமான கண்ணி.

சட்டத்தரணிகள் இதைத் தங்கள் வீட்டு விவகாரம் என்று விட்டுவிடவும் முடியாது. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடற் சட்டம், காணி வாங்கல் விற்றலிலோ வாடிக்கையாளரின் பணத்தைக் கையாள்வதிலோ ஈடுபடும் சட்டத்தரணியையும் நொத்தாரிசையும் தன் வளையத்துக்குள் வைத்திருக்கிறது. சர்வதேச நிதி நடவடிக்கைச் செயலணி 2017 இல் இலங்கையை, பணச்சலவைத் தடுப்பில் குறைபாடுள்ள நாடுகளின் சாம்பல் பட்டியலில் சேர்த்தது. அதையடுத்து 2018 ஜனவரியில், வாடிக்கையாளர் யார் என்று விசாரித்து அறிவதற்கான விதிகள் வர்த்தமானியில் வந்தன. நாடு 2019 இல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது, விதிகள் அப்படியே இருக்கின்றன. வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்ற பதிவுகளை ஆறு வருடம் வைத்திருக்கவேண்டும். நாவலப்பிட்டிக் கடைக்காரரின் இரண்டரை லட்சம் இதில் பெரிதாக அடிபடாது. அவர் விற்பவருக்குத் தரவென்று நொத்தாரிசிடம் விட்டுவைக்கும் 50 லட்சம் கட்டாயம் அடிபடும்.

மொழியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நொத்தாரிசின் ஆணைப்பத்திரத்திலேயே எந்த மொழியில் உறுதி எழுதலாம் என்று குறித்திருக்கும். உறுதியை வாசித்து விளக்கிய பிறகே கையொப்பம் வாங்கினேன் என்று அத்தாட்சி வாசகம் சொல்லவேண்டும். சிட்டைக்கு அந்தக் கடமை இல்லை. கலகாவிலிருந்தோ புசல்லாவையிலிருந்தோ பஸ் ஏறி வரும் தோட்டத்துக் குடும்பத்துக்குக் கிடைப்பது, கிடைத்தால், ஆங்கிலத்தில் ஒரு பற்றுச்சீட்டு. அதில் உள்ள எண் மட்டும்தான் அவர்களுக்குப் புரியும். வெளிநாட்டு மென்பொருளை வாங்கிப் போட்டால் அந்த ஆங்கிலம் அச்செழுத்தில் அழகாக வரும், அவ்வளவே. மூன்று மொழியிலும் சிட்டை அச்சடிக்கும் மலிவான உள்ளூர் மென்பொருள் ஒன்றை முதலில் கேட்கவேண்டியவர்கள் கண்டி, மாத்தளை, நுவரெலியாச் சட்டத்தரணிகள். மூன்று மொழி வாடிக்கையாளரும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருப்பது அவர்களுடைய வாசலில்தான்.

அது வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வாடிக்கையாளர் பணத்துக்கென்று இரண்டாவது வங்கிக் கணக்கு ஒன்றைத் திறக்க அதிகச் செலவில்லை. கோவையின் உள்ளட்டையில் தீர்வை, செலவு, பீஸ் என்று மூன்று நிரல் போட்டு ஒரு தாளை ஒட்ட எந்தச் சந்தாவும் கட்டவேண்டாம். வந்த ஸ்லிப்பை அன்றே அச்செடுத்து அதே கோவையில் குத்தி வைக்கலாம். ஒப்பிட்டுச் சரிபார்க்க ஒரு நாள் வேண்டுமென்றால், அந்த நாளைச் சட்டமே குறித்துக் கொடுத்திருக்கிறது. பதினைந்தாம் திகதிக்குள் இரட்டைப் பிரதிகளைப் பட்டியலிட்டே ஆகவேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு உறுதிக்கும் பக்கத்தில், வாங்கிய காசு, கட்டிய தீர்வை, மிச்சம் என்று எழுதிப் பார்த்தால் அந்த மாதக் கணக்கு முடிந்தது. பட்டியல் பதிவகத்துக்குப் போகட்டும், இந்தக் கூடுதல் தாள் கந்தோரிலேயே இருக்கட்டும். பத்து உறுதி எழுதும் கந்தோருக்கு இது அரைநாள் வேலை. இதைச் செய்து பழகிய கந்தோருக்கு எந்த மென்பொருளும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். பழகாத கந்தோரில் எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் கொப்பி போலத்தான் கிடக்கும்.

வாடிக்கையாளருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை காணி எழுதப் போகும்போது, மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். தீர்வை எவ்வளவு, செலவு எவ்வளவு, பீஸ் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தமிழில் கேளுங்கள். தீர்வை கட்டிய வங்கிச் சீட்டின் பிரதியையும் கேட்டு வாங்கி, உறுதியோடு சேர்த்து வையுங்கள்.